தலைநகரில் குடியிருப்போரின் குரல்

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் டில்லி என்னும் பெயரை மிகுதியாக உச்சரிப்போர் அரசியல்வாதிகள் அல்லர், லாரி ஓட்டுநர்களே. கன்னியாகுமரியில் புறப்படும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல்லையும் சேலத்தையும் தொட்டு, பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி, ஆக்ரா வழியே டில்லிக்குள் நுழைந்து, அப்பால் ஸ்ரீநகர் வரை செல்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டியோசையில் கண்விழிக்கும் எங்கள் பக்கத்து இளைஞர் பலருக்கு, டில்லி என்பது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் சரக்கை இறக்கிவிட்டு, மறு லோடு கிடைக்கும்வரை காத்துக் கிடக்கும் ஓர் ஊர், அவ்வளவுதான்.

சிறு வயதில் என்னிடம் மாலை மதரஸாவில் குர்ஆன் ஓதி, இன்று சொந்த லாரி ஓட்டும் ஒருவர், அங்கிருந்து திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், டில்லிக்கு முதலமைச்சர் இருக்கிறார், சட்டசபை இருக்கிறது. ஆனால் ரோட்டில் நிற்கிற போலீஸ் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லையாம். அங்கே இருக்கிற ஜனங்களே சொல்கிறார்கள். அப்படியானால் அவர்கள் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள்?"

மார்க்கச் சட்டம் கேட்டிருந்தால் கிதாபைப் புரட்டி உடனே சொல்லியிருப்பேன். இதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் தேடிப் படித்ததையும், படித்தபின் மனத்தில் எழுந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. அரபு கற்பிப்பவனுக்கு அந்தப் பழக்கம் விடாது; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தலைநகருக்கு அரபியில் 'ஆஸிமா' என்று பெயர். காத்தல், தீங்கு அணுகாமல் தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஆக, தலைநகர் என்பது காப்பவள். ஓட்டுக்கு இன்றைய அரபியர் வழங்கும் சொல் 'ஸவ்த்'. அதன் நேர்ப்பொருள் குரல். நாம் வாக்கு என்கிறோம். அதுவும் வாயிலிருந்து வரும் சொல்லே. இரு மொழியாரும் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொள்ளாமலேயே, ஓட்டைத் தாளாகக் கருதாமல் பேச்சாகக் கருதியிருக்கின்றனர். எல்லாரையும் காக்கும் ஆஸிமாவில் குடியிருப்போருக்கு ஸவ்த் எவ்வளவு உண்டு என்பதே என் மாணவர் கேட்ட கேள்வி.

டில்லிவாசிகளுக்குக் குரல் குறைவாக இருந்தது புதிதன்று. முகலாயப் பேரரசு தேய்ந்த நாளில், ஷா ஆலம் பாதுஷாவின் ஆட்சி டில்லியிலிருந்து பாலம் வரையில்தான் என்று மக்கள் கேலி பேசினார்கள். பாலம் என்பது இன்று விமான நிலையம் இருக்கும் பக்கம். 1857க்குப் பின் ஆங்கிலேயர் டில்லியைப் பஞ்சாபோடு சேர்த்தனர். 1911 டிசம்பர் 12ஆம் நாள் நடந்த தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகர் டில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மறு ஆண்டு டில்லி பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டுத் தலைமை ஆணையர் ஒருவரின் கீழ் வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1952இல் 48 உறுப்பினர் கொண்ட சட்டசபை அமைந்து, சௌத்ரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சரானார். டில்லி அப்போது 'சி' பிரிவு மாநிலம்.

அந்தச் சட்டசபை நான்காண்டுகளே வாழ்ந்தது. பஸல் அலீ அவர்களின் தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், தேசத்தின் தலைநகரம் தேசிய அரசாங்கத்தின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும், மக்களின் உள்ளூர்த் தேவைகளுக்கு மாநகராட்சி போதும் என்று 1955இல் கருத்துரைத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் டில்லி யூனியன் பிரதேசமாயிற்று. அந்த நாளை நாம் மறப்பதற்கில்லை. மொழிவழி மாநிலங்கள் பிறந்த நாள் அது. நம் எல்லைகள் வகுக்கப்பட்ட நாள். நாம் மாநிலம் பெற்ற அன்றே டில்லிக்காரர் தம் சட்டசபையை இழந்தனர்.

அடுத்த 37 ஆண்டுகள் டில்லிக்குச் சட்டசபை இல்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநகரக் குழு ஒன்று அமைந்தது. பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே அதற்கு இருந்தது. 1991இல் நிறைவேறிய 69ஆம் அரசியலமைப்புத் திருத்தமே 70 உறுப்பினர் கொண்ட சட்டசபையைத் தந்தது. 1993இல் தேர்தல் நடந்தது. கொடுத்த கை முழுவதும் திறக்கவில்லை. பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகிய மூன்றும் சட்டசபையின் அதிகாரத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டன. மாணவரின் கேள்விக்குச் சட்டநூல் தரும் நேர்விடை இதுதான்.

இஸ்லாமிய வரலாற்றை ஓதியவர்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டாகும். ஏனெனில், இது தலைகீழாக இருந்த காலம் ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் கலீஃபாக்களுக்கு பைஅத் செய்து ஆட்சியை நிலைநிறுத்தியோர் மதீனாவாசிகள். உமர் (ரலி) அவர்கள் நியமித்த அறுவர் குழுவில், தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், மூன்று நாட்கள் உறக்கமின்றி மதீனாவில் இருந்தோரிடம் கருத்துக் கேட்டார்கள். ஹஜ்ஜுக்காக வந்திருந்த படைத்தளபதிகளும் அப்போது அங்கே இருந்தனர். பஸராவிலும் ஷாமிலும் மிஸ்ரிலும் இருந்தோர் செய்தி வந்தபின் ஏற்றுக்கொண்டார்கள். அன்று தலைநகரத்தாரே எல்லாருக்குமாகக் குரல் கொடுத்தனர்.

தலைநகரத்தாருக்கு அந்த முன்னுரிமை எங்கிருந்து வந்தது? இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் இந்தக் கேள்வியை நேரே எடுத்துக்கொள்கிறார்கள். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பக்தாதில் மறைந்த இந்த ஷாஃபியீ அறிஞர், 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் கூறுவதன் கருத்து வருமாறு: இமாமின் ஊரில் வசிப்போருக்கு மற்ற ஊராரைக் காட்டிலும் எந்தச் சிறப்புத் தகுதியும் இல்லை, அவர்கள் தேர்தலை நடத்துவது வழக்கத்தினால் வந்ததேயன்றி ஷரீஅத்தினால் வந்ததன்று, தலைவரின் மரணச் செய்தி முதலில் அவர்களை எட்டுகிறது, தகுதியுடையோரும் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றனர் என்பதே காரணம். ஓதும் நாட்களில் இந்த வரியை நான் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். இப்போது நின்று படித்தேன். தலைநகரத்தாருக்கு மேன்மை இல்லையென்றால், தாழ்வும் இருத்தலாகாது அன்றோ? இமாமவர்கள் அந்த மறுபக்கத்தை எழுப்பவில்லை. அவர்கள் காலத்தில் அப்படி ஒரு வழக்கு எழவுமில்லை. இது என் துணிபு மட்டுமே. ஆலிம் பெருமக்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

ஆள்வோருக்குத் தலைநகரத்து மக்களிடம் ஒருவித அச்சம் எக்காலத்தும் உண்டு. பக்தாதின் தெருக்களில் துருக்கிப் படைவீரர் குதிரை ஓட்டி மக்களை மிதித்ததால் பகை மூண்டபோது, கலீஃபா முஃதஸிம் படையை அடக்குவதைவிட ஊரைவிட்டுப் போவதே எளிது என்று கண்டு, 836இல் ஸாமர்ராவைக் கட்டிக் குடியேறினார். 892இல்தான் கிலாஃபத் பக்தாதுக்கு மீண்டது. அமெரிக்காவில் 1783ஆம் ஆண்டு, சம்பளப் பாக்கி கேட்டுப் பிலடெல்பியாவில் சிப்பாய்கள் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தை முற்றுகையிட்டனர். அந்த மாநில அதிகாரிகள் காவற்படையை அழைக்கத் தயங்கவே, காங்கிரஸ் உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு அகன்றனர். பிறருடைய போலீசை நம்பித் தேசிய அரசாங்கம் இருக்கலாகாது என்னும் பாடத்தை அவர்கள் அதிலிருந்து கற்று, எந்த மாநிலத்தையும் சேராத தனி நிலத்தில் தலைநகரம் அமையவேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். வாஷிங்டன் பிறந்தது அவ்வாறு.

விளைவு என்ன? 2020 கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் மக்கள் தொகை ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம். வயோமிங் மாநிலத்திலோ 5 லட்சத்து 77 ஆயிரம் பேரே. வயோமிங்குக்கு இரண்டு செனட்டர்கள். வாஷிங்டனுக்கு ஒருவரும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரு பேராளர் உண்டு. அவர் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் ஓட்டளிக்கலாம், சபையின் இறுதி ஓட்டெடுப்பில் மட்டும் கைதூக்க முடியாது. ஸவ்த் என்னும் சொல்லின் இரு பொருளையும் வெட்டிப் பிரித்து, குரலை மட்டும் கொடுத்து வாக்கை நிறுத்திக்கொண்டார்கள்! அதிபர் தேர்தலில் பங்குகொள்ளும் உரிமையே 1961ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. முழுப் பிரதிநிதித்துவம் தரும் திருத்தத்தைக் காங்கிரஸ் 1978இல் நிறைவேற்றியும், 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டிய இடத்தில் 16 மட்டுமே ஒப்பியதால் 1985இல் அது காலாவதியாயிற்று. தனி மாநிலமாக்கும் மசோதா 2020இலும் 2021இலும் பிரதிநிதிகள் சபையைக் கடந்தது, செனட்டைக் கடக்கவில்லை. பிரதிநிதித்துவம் இல்லாமலே வரி கட்டுகிறோம் என்னும் பொருள்பட்ட வாசகத்தை அவ்வூரார் தம் வண்டிகளின் எண்பலகையிலேயே 2000 முதல் பொறித்து ஓட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் அந்நகரக் காவல்துறையை 30 நாட்கள் தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டபோது, மேயரால் அதைத் தடுக்க இயலவில்லை.

இவ்வகையில் டில்லிக்காரர் அதிர்ஷ்டசாலிகள் எனலாம். லோக் சபையில் 7 இடங்கள், ராஜ்ய சபையில் 3 இடங்கள். அங்கே செல்வோர் பேசவும் செய்யலாம், ஓட்டளிக்கவும் செய்யலாம். 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் டில்லி, புதுச்சேரி சட்டசபை உறுப்பினர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் பங்குபெறுகின்றனர். வாஷிங்டன்காரருக்கு வாக்கில்லை; டில்லிக்காரருக்கு வாக்கு உண்டு, அந்த வாக்கினால் அமையும் அரசாங்கத்துக்குத்தான் பாதி அதிகாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் டில்லி சென்று, நிஜாமுத்தீன் பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் சில நாட்கள் தங்கினேன். பல்லாண்டுகளாக அங்கே தையற்கடை வைத்திருக்கும் தமிழர் அவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் டில்லி அரசாங்கத்தின் ஜல் வாரியம். தெருவில் குப்பை அள்ளாவிட்டால் மாநகராட்சி. வீட்டு மனையில் சிக்கலென்றால் மத்திய அரசாங்கத்தின் டில்லி வளர்ச்சி ஆணையம். திருட்டுப் போனால் மத்திய உள்துறையின் கீழுள்ள போலீஸ். "ஹஜ்ரத், நாலு வாசல் இருக்கிற வீட்டில், எந்த வாசலைத் தட்டினாலும் 'அடுத்த வாசலுக்குப் போ' என்கிறார்கள்" என்றார் நண்பர். நாமக்கல் 1997 ஜனவரி 1ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, கலெக்டரைப் பார்க்க ஒரு முழுநாள் செலவிட வேண்டியதில்லை என்று எங்கள் மக்கள் மகிழ்ந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. எந்த வாசல் என்று தெரிவதே குடிமகனுக்குப் பாதி நிம்மதி.

திருட்டும் குப்பையும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்கவொண்ணாத நாட்கள் டில்லிக்கு வந்ததுண்டு. 1984 நவம்பர் முதல் நாட்களில் சீக்கியர்கள் மீது பாய்ந்த கொலைவெறியில், டில்லியில் மட்டும் 2,733 பேர் மாண்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. அப்போது அந்நகருக்குச் சட்டசபையே இல்லை. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு டில்லியில் மூண்ட கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதே மாதம் 11ஆம் நாள்தான் ஆம் ஆத்மி கட்சி 70 இடங்களில் 62ஐ வென்றிருந்தது. அவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்ற முதலமைச்சர் கேஜ்ரிவால், இராணுவத்தை அழைக்குமாறு மத்திய உள்துறையை வேண்டிக்கொண்டார். ஒரு காவலரை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

என் நண்பர் இதில் அவரையும் விடவில்லை. அதிகாரம் இல்லாதது உண்மைதான். ஆனால் ஆறுதல் சொல்ல வருவதற்கு எந்தச் சட்டத் திருத்தம் வேண்டும் என்று கேட்டார். நான் அதை மறுக்கவில்லை. பொறுப்பைப் பிரித்துவைக்கும் ஏற்பாட்டில் இருக்கும் பெருந்தீங்கு இதுவே: இல்லாத அதிகாரம் ஒருவருக்குச் சாக்காகிறது, இருக்கும் அதிகாரத்துக்கு மற்றவர் அந்த ஊர் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூஃபாவாசிகள் தம் ஆளுநர் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது, தொழுகையைச் சரியாக நடத்துவதில்லை என்றுகூடப் புகார் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆள் அனுப்பிப் பள்ளி பள்ளியாக விசாரிக்கச் செய்ததோடு, ஆளுநரையும் மாற்றினார்கள். ஸஅது அவர்களை இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நீக்கவில்லை என்று பின்னர் தம் இறுதி நாளில் தெளிவாகச் சொன்னார்கள். சொர்க்கத்துக்கு நற்செய்தி கூறப்பட்ட பதின்மருள் ஒருவரையே ஓர் ஊராரின் மனக்குறை அசைக்க முடிந்தது. டில்லியின் துணைநிலை ஆளுநரை டில்லி மக்கள் அசைக்க வழியில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டில்லி டில்லிக்காரருக்கு மட்டும் சொந்தமன்று, நாமக்கல்காரருக்கும் சொந்தம். பாராளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் இருக்கும் ஊரில், ஒரு மாநிலக் கட்சியின் கோபதாபத்தைப் பொறுத்துப் பாதுகாப்பு இருக்கலாகாது. இது சரியான கவலையே. ஆனால் பள்ளிவாசலும் எல்லாருக்கும் பொதுவானதுதானே! வழிப்போக்கர் எவரும் வந்து முதல் வரிசையில் நிற்கலாம். அதற்காக, முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மஹல்லாவாசிகளுக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. (வக்ஃபு வாரியத்தின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளின் கதை வேறு. அந்த ஜமாஅத்தாருக்கு டில்லிக்காரரின் நிலையை நான் விளக்க வேண்டியதே இல்லை.) பாராளுமன்றத்தையும் தூதரகங்களையும் சூழ்ந்த சிறுபகுதியை மத்திய அரசாங்கம் வைத்துக்கொண்டு, மக்கள் குடியிருக்கும் பெரும்பகுதியை அவர்கள் தேர்ந்தெடுத்தோரிடம் விடலாம் என்னும் யோசனையே எனக்கு நியாயமாகப் படுகிறது. வாஷிங்டன் மசோதாவும் ஏறத்தாழ அதையே கூறிற்று.

நீதிமன்றம் சென்றும் இந்த வழக்கு முடியவில்லை. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, விலக்கப்பட்ட மூன்று துறைகள் நீங்கலாக மற்றவற்றில் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே துணைநிலை ஆளுநர் நடக்கவேண்டும் என்றது. 2023 மே 11ஆம் நாள் இன்னோர் அமர்வு, அதிகாரிகளின் நியமனமும் மாற்றமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தைச் சேர்ந்தவை என்றது. எட்டாம் நாளே மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆகஸ்டில் அது பாராளுமன்றத்தில் சட்டமாயிற்று. அதன்படி அதிகாரிகளின் மாற்றத்தைப் பரிந்துரைக்க மூவர் குழு: முதலமைச்சர், தலைமைச் செயலாளர், உள்துறை முதன்மைச் செயலாளர். முடிவு பெரும்பான்மையால். மூவரில் இருவர் அதிகாரிகள் என்பதை எண்ணத் தெரிந்த எவரும் கண்டுகொள்வர். கருத்து வேறுபட்டால் துணைநிலை ஆளுநரின் சொல்லே இறுதி.

எந்தக் கட்சியையும் இதில் மெச்சுவதற்கில்லை. அத்வானி உள்துறையில் இருந்த 2003இல் டில்லியை மாநிலமாக்கும் மசோதா கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. அதன்பின் மத்தியில் இருந்தவர்கள் அதை எடுக்கவில்லை; முதலில் கொண்டுவந்தவர்கள் மீண்டும் மத்திக்கு வந்தும் எடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் பாரதீய ஜனதா 48 இடங்களை வென்று டில்லியிலும் ஆட்சி அமைத்ததால், இரு அரசாங்கங்களுக்கும் இடையே இருந்த சண்டை ஓய்ந்தது. சண்டை ஓய்ந்ததேயன்றி, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 44ஆம் சாலையின் மறுமுனையான ஸ்ரீநகரோ 2019 அக்டோபர் 31 முதல் மாநில நிலையை இழந்து நிற்கிறது. 2024 அக்டோபரில் பதவியேற்ற அமைச்சரவை முதற்காரியமாக அதைத் திருப்பிக் கேட்டுத் தீர்மானம் செய்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. என் தங்கை மகளைக் காரைக்காலில் கொடுத்திருக்கிறோம். ஆகையால் அந்த ஊர் நடப்பு எங்கள் வீட்டுப் பேச்சில் அடிக்கடி வரும். தலைநகரம் என்னும் காரணம்கூட அங்கே இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நிலம் என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டளித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; 1962இல் சட்டப்படி இணைப்பு நிறைவெய்தியது. வாக்களித்து இந்தியாவுக்குள் வந்த மக்கள் அவர்கள். இன்று அவர்களுக்கு லோக் சபையில் ஓர் இடம், ராஜ்ய சபையில் ஓர் இடம். சட்டசபையில் 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூவரை மத்திய அரசாங்கம் நியமிக்கலாம். அவ்வாறு மத்திய அரசாங்கமே மூவரை நியமித்தது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமியின் அமைச்சரவை கவிழ்ந்தபோது, நியமன உறுப்பினருக்கும் அதில் ஓட்டு உண்டா என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. காரைக்காலிலிருந்து தலைமைச் செயலகத்துக்குப் போக, தமிழ்நாட்டு மண்ணைக் கடந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால், கோப்பு துணைநிலை ஆளுநரிடம் இருக்கிறது என்பார்கள். அங்கே கேட்டால் டில்லிக்குப் போயிருக்கிறது என்பார்கள்.

மாநில நிலை வேண்டுமென்று புதுச்சேரி சட்டசபை எத்தனையோ முறை தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. 2023 மார்ச்சிலும் கட்சி வேறுபாடின்றி ஒருமனதாக நிறைவேற்றியது. அதுவும் வழக்கம்போல் டில்லிக்குத்தான் அனுப்பப்பட்டது.